அண்ணியின் வாட் கணக்கு

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் அலுவலகத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. ஒரு கிராம் பிசகினாலும் விடமாட்டாள். அதனால் கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ‘தராசு’. இரண்டு தெரு தள்ளி இருந்த அவளுடைய அண்ணனும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டான். அவள் சாப்பிட வந்தால், சோற்றை அளந்து போடும்படி அண்ணியிடம் சொல்லிச் சிரிப்பான்.

சைக்கிள் பயிற்சியையும் அவள் அளந்துதான் செய்தாள். பெடல் தண்டில் பொருத்திய சின்னக் கருவி, கால் எத்தனை வாட் சக்தியோடு மிதிக்கிறது என்று நொடிக்கு நொடி காட்டும். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற உச்ச சக்தி தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல். அந்த உச்சத்தில் ஒரு மணி நேரம் ஓட்டினால் நூறு புள்ளி, நிதானமாக ஓட்டினால் குறைவு. கடைசி ஒரு வாரத்துப் புள்ளிகள் அசதியைக் காட்டும். ஆறு வாரத்துப் புள்ளிகள் உடம்பில் ஏறிய பலத்தைக் காட்டும். பலத்திலிருந்து அசதியைக் கழித்தால், இன்றைக்கு முறுக்கி ஓட்டலாமா ஓய்வெடுக்கலாமா என்று தெரியும்.

அண்ணி துணிக்கடையில் வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாகத் தராசின் சைக்கிளில் ஏறி இருபது நிமிடம் மிதித்தாள். நூற்றுத் தொண்ணூறு வாட். அந்த எண்ணைத் தொடத் தராசுக்கு நாலு வருடம் ஆகியிருந்தது. வயிற்றெரிச்சல் கொஞ்சம் இருந்தது என்றாலும் பெருமைதான் அதிகம். பழைய சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதிலும் கருவியைப் பொருத்தி, இருவர் பெயரையும் நாற்பது கிலோமீட்டர் பந்தயத்துக்குக் கொடுத்தாள். செவ்வாய், வியாழன் மாலையும் ஞாயிறு காலையும் பயிற்சி.

ஆறு வாரம் நன்றாகப் போனது. ஏழாவது வாரம் அண்ணியின் எண் சரிந்தது. நூற்றெண்பது, அப்புறம் நூற்றெழுபது. எவ்வளவு மிதித்தாலும் இதயத் துடிப்பு ஏற மறுத்தது. காலையில் எழுந்ததும் எண்ணும் துடிப்போ கூடிக்கொண்டே போனது. இரண்டும் அசதியின் அடையாளம். ஆனால் பலத்திலிருந்து அசதியைக் கழித்துக் கோடாகக் காட்டும் வரைபடத்தில் மட்டும் அசதியே இல்லை. சரியாகத் தூங்குகிறீர்களா என்று தராசு கேட்டாள். தூங்குகிறேன் என்றாள் அண்ணி. அப்படியானால் மனசு வைத்து மிதிக்கவில்லை என்று தராசு முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, பாலத்து ஏற்றத்தை ஆறு முறை ஏற வேண்டும். மூன்றாவதில் அண்ணி இறங்கி, கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

“கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணி. நீங்கதான் சரியா இல்ல. உங்களுக்கு இதுல அக்கறை இல்ல.”

அண்ணி தண்ணீர் குடித்தாள், சைக்கிளில் ஏறினாள், மீதி மூன்றையும் முடித்தாள். வியாழக்கிழமை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து தராசின் வீட்டு வாசலில் நிறுத்தினாள். “நமக்கு இது சரிப்படாதும்மா” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு பேக்கரியின் மாவுத் தராசைச் சோதிக்கும் வேலை வந்தது. அடுப்பு ஓய்கிற காலை ஆறு மணிக்கே வரச் சொல்லியிருந்தார்கள். எடைக்கற்கள் வைத்த பெட்டியோடு பின்வாசல் வழியாகப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். தலையில் வலைத்தொப்பி மாட்டி, ரொட்டித் தட்டுகளை மூன்று மூன்றாகத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள் அண்ணி.

கடைசித் தட்டையும் ஏற்றிவிட்டுத்தான் அண்ணி அவளிடம் வந்தாள். அண்ணனுக்கு வேலை போய் நாலு மாதமாகிறது. தினமும் பையை மாட்டிக்கொண்டு வேலை தேடப் போகிறான். தங்கச்சிக்கு மட்டும் தெரியவே கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டானாம். அதனால் ராத்திரி இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை இங்கே, பிறகு துணிக்கடை.

“தூங்குறேன்னு சொன்னீங்களே அண்ணி.”

“நாலு மணி நேரமும் தூக்கம்தானேம்மா” என்று அண்ணி சிரித்தாள். தராசால் சிரிக்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க அதுதான் நேரம். உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியின் வரைபடத்தைத் திறந்தாள். தட்டு தூக்கிய நேரத்துக்குக் குத்துமதிப்பாகப் புள்ளி போட்டு, நாள் நாளாகச் சேர்த்தாள். கோடு கிடுகிடுவென்று கீழே இறங்கியது. ஏழாவது வாரத்திலேயே அண்ணியை அடியோடு நிறுத்தி, இரண்டு வாரம் ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். அந்த உடம்பைத்தான் அவள் பாலத்தில் ஏற விரட்டினாள்.

பந்தயத்தில் தனியாகத்தான் ஓட்டினாள். மழைக்காலம் முடிவதற்குள் அண்ணனுக்கு வேலை கிடைத்தது, அண்ணியும் பேக்கரியை விட்டாள். அதன் பிறகு ஒருநாள் தராசு தயங்கித் தயங்கிப் பேச்சை எடுத்தாள். வாட்டும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம், சும்மா ஆற்றோரம் ஒரு சுற்றுப் போய்வரலாமே என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி, “பாப்போம்மா” என்றாள். பேச்சில் பிரியம் குறையவில்லை. ஆனால் சைக்கிள் என்றால் அந்த ஒரு வார்த்தைதான்.

மூன்று வருடமாகிறது. தராசு அதற்கப்புறம் கேட்கவும் இல்லை, கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்கவும் இல்லை.