ராங்கர் செல்லுமா?

அந்த ஏப்ரலில் என் கணவரின் தம்பி மனைவிக்கு ஐந்தாம் மாதம். அதற்கு முன் இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. இந்த முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டுவிட்டு, பாத்ரூம் போவதைத் தவிர வேறெதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சிங்காநல்லூர் வீட்டில் நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். அண்ணனும் தம்பியும் காலை எட்டரைக்கெல்லாம் பம்ப் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் பள்ளியில் ஆங்கில ஆசிரியை, கோடை விடுமுறை. பிள்ளைகள் இருவரும் கிணத்துக்கடவில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆகப் பகல் முழுக்க அவளும் நானும்தான்.

ஆறு வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் எங்களுக்குள் பேச்சு அதிகம் கிடையாது. சண்டை ஒன்றுமில்லை. "பால் வந்திருச்சுங்க்கா", "சரி கண்ணு" என்ற அளவில் இருந்தது.

மூன்றாம் நாள், "போனப் பாத்துப் பாத்துத் தல வலிக்குதுங்க்கா" என்றாள். பரணில் கிடந்த பிள்ளைகளின் ஆங்கிலச் சொல் விளையாட்டை எடுத்து, தூசி தட்டி மேலே கொண்டுபோனேன். சதுரம் சதுரமான எழுத்துகளைப் பலகையில் அடுக்கி வார்த்தை சேர்க்கும் ஆட்டம். பலகையை ஸ்டூலில் வைத்தேன். அவள் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, தன் ஏழு எழுத்தையும் டிபன் பாக்ஸ் மூடியில் போட்டுக்கொண்டு, "அந்த ஓரத்துல வைங்க்கா" என்று விரலால் காட்டுவாள். நான் வைப்பேன்.

அவள் கோபிசெட்டிபாளையம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவள். நான் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆட வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டே நாளில் அந்த நினைப்பு போய்விட்டது. ஒரு பெயரடைக்குப் பின்னால் ஈ, ஆர் என்று இரண்டு எழுத்தோ, ஈ, எஸ், டி என்று மூன்று எழுத்தோ ஒட்டிவிட்டால் என் வார்த்தையே அவள் வார்த்தையாகிவிடும் என்று கண்டுபிடித்துவிட்டாள். நான் 'கோல்டு' வைத்தால் அவள் 'கோல்டர்'. நான் 'கைண்டு' வைத்தால் அவள் 'கைண்டஸ்ட்'. அவ்வளவு புள்ளியும் அவளுக்கு.

நான் வாத்தியார் அல்லவா, சட்டம் போட்டேன். ஓரசைச் சொல்லுக்கு ஒட்டலாம், நீளமான சொல்லுக்கு முன்னால் 'மோர்' போட வேண்டும், இரண்டசைச் சொல்லை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கூடவும் குறையவும் இடமில்லாத சொற்களுக்கு ஒட்டவே கூடாது. செத்தது செத்ததுதான், அதைவிடச் செத்தது என்று ஒன்று இல்லை.

"ஏனுங்க்கா, கரண்டு போயி போன் டெட்டுங்க. சார்ஜரும் தொலஞ்சுபோச்சு. அப்ப அது டெட்டர் இல்லீங்களா?"

"அப்படிப் பாத்தா கர்ப்பத்துக்கும் கூடக் கொறச்சல் சொல்லுவ."

"போன மாசத்தவிட இப்ப நான் அதிகம் கர்ப்பம்தானுங்களே" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். சிரித்தால் தையலுக்கு ஆகாதோ என்று எனக்குப் பயம்.

பிள்ளைகளின் அகராதியைப் புரட்டினோம். அதில் மூலச்சொல் இருக்கும். ஒட்டுப் போட்ட சொல் பெரும்பாலும் இருக்காது. போனில் பார்க்கலாமா என்றேன். "வேண்டாங்க்கா. அது ஒண்ணு சொல்லிப்போட்டா அதோட முடிஞ்சுது. அப்பறம் நாம என்னத்தப் பேசறது?" என்றாள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். சந்தேகமான சொல்லை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். எதிராளிக்கு விளக்கம் கேட்காமல் புரிந்தால் செல்லும்.

என் பழைய பாடக்குறிப்பு நோட்டின் பின்பக்கத்தில் செல்லும், செல்லாது என்று இரண்டு பத்தி போட்டுக்கொண்டோம். 'ரவுண்டர்' செல்லும்: நேத்து நீங்க சுட்ட தோசையவிட இன்னைக்குத் தோசை ரவுண்டர். 'டெட்டர்' அரை மனதோடு செல்லும். 'ஒன்லியர்' அவளாலேயே வாக்கியத்தில் வைக்க முடியாமல் செல்லாது. மதியம் மின்விசிறிக் காற்றில் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுக்கொண்டு இப்படி நாங்கள் வழக்காடிக்கொண்டிருந்த நாட்களில்தான், அவளுக்கு இவ்வளவு பேச வரும் என்பதே எனக்குத் தெரிந்தது.

மே மாதத்தில் ஒருநாள் நான் 'ராங்' என்று வைத்தேன். அவள் மூடியைக் கூடப் பார்க்கவில்லை. "ஈயும் ஆரும் வைங்க்கா. ராங்கர்."

"அது செல்லாது கண்ணு. தப்புன்னா தப்பு. அதுல என்ன கூடக் கொறச்சல்?"

"இருக்குதுங்க்கா."

"எங்க, வாக்கியத்துல சொல்லு பாக்கலாம்." நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பாப்பா காதுகுத்து அன்னைக்குப் பெரியம்மா என்னைய மாடியிலயே இருக்கச் சொன்னது ராங். நீங்க பக்கத்துல நின்னு கேட்டுப்போட்டு சும்மா இருந்தது ராங்கர்."

என் மகளின் காதுகுத்து நடந்தபோது, இவளுக்கு இரண்டாவது கர்ப்பம் கலைந்து இருபது நாள்கூட ஆகியிருக்கவில்லை. சமையலறையில் என் கணவரின் பெரியம்மா, "சின்னவ மேலயே இருந்துக்கட்டும், நல்ல காரியம் பாரு" என்றார். நான் கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. விருந்தாளிகள் வந்துகொண்டிருந்தார்கள், இப்போது எதற்கு வம்பு என்று நினைத்தேன். பந்தி முடிந்ததும் கேரியரில் சாப்பாடு போட்டு மேலே கொடுத்தனுப்பினேன். அதோடு என் கடமை முடிந்ததாக எண்ணிக்கொண்டேன். அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே நின்று கேட்டிருக்கிறாள் என்பது இந்த வாக்கியத்தைக் கேட்கும் வரைக்கும் எனக்குத் தெரியாது.

தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கிப் போனேன். குழாயைத் திறந்துவிட்டுச் சொம்பு நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரியவங்க சொல்லை மீற முடியுமா, எனக்கும் அன்றைக்கு ஆயிரம் வேலை என்று மனசுக்குள் பதில்கள் வந்துகொண்டே இருந்தன. ஒன்றுகூட அவளிடம் சொல்லக் கூடியதாக இல்லை.

மேலே போனபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏதோ வாய்ல வந்துருச்சுங்க்கா. மனசுல வெச்சுக்காதீங்க."

"நான் பேசியிருக்கணும் கண்ணு. பேசாம இருந்துட்டேன். என்மேலதான் தப்பு."

மூடியிலிருந்து இரண்டு எழுத்தை நானே எடுத்து வைத்தேன். நோட்டில் 'செல்லும்' பத்தியில் எழுதினேன். அவள் கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டாள். "புள்ளிய ஒழுங்கா கூட்டுங்க்கா, ஏமாத்திப்போடாதீங்க" என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது.

அதன்பிறகு ஆட்டம் பாதியில் நின்றுவிடும், பேச்சுதான் ஓடும். முதல் கர்ப்பத்துக்கு அவள் தனக்குள் ஒரு பெயர் வைத்திருந்ததைச் சொன்னாள். நான் மூத்த மருமகளாக வந்த புதிதில் தினமும் குளியலறையில் அழுததைச் சொன்னேன். ஜூனில் பள்ளி திறந்ததும் பகலுக்கு அவள் அம்மா கோபியிலிருந்து வந்துவிட்டார். நான் மாலையில் காபியோடு மேலே போய்விடுவேன்.

ஆகஸ்ட் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ முந்நூறு. குழந்தையை முதலில் வாங்கியது அவள் அம்மா, அடுத்து நான். ஆஸ்பத்திரிக்கு வந்த பெரியம்மா, "மூத்தவ புள்ளைங்க பொறந்தப்ப இதவிடக் கொழுகொழுன்னு இருந்துச்சு" என்று ஆரம்பித்தார். "இவ இவ மாதிரி இருக்கறாளுங்க பெரியம்மா. அது போதுங்க" என்றேன். சத்தம் போடவில்லை, ஆனால் அறையில் எல்லோருக்கும் கேட்டது. கட்டிலில் கிடந்தவள் கண்ணை மூடிக்கொண்டு புன்னகைத்தாள்.

பிறகு குழந்தையோடு கோபிக்குப் போய்விட்டாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொள்ள, மாடி ஜன்னலைச் சாத்தப் போனேன். சாத்திவிட்டு, என்னமோ தோன்றி, அவள் கட்டிலில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். கட்டிலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரு முழுக்கத் தெரியும். பூக்காரம்மா, பஸ், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம். படுத்தபடி பார்த்தால் பக்கத்து வீட்டுத் தென்னையின் உச்சியும் ஒரு கேபிள் வயரும்தான். மாதக்கணக்கில் அவள் பார்த்தது அவ்வளவே.

போனை எடுத்து அவளை அழைத்தேன்.

"பாப்பா தூங்கறாளா கண்ணு?"

"இப்பத்தானுங்க தூங்குனா. அங்க மழைங்களா? சத்தம் கேக்குது."

"நல்ல மழை."

"இங்கயும் இருட்டிக்கிட்டு வருதுங்க்கா" என்றாள். வைக்க மனமில்லாமல் இருவரும் கொஞ்ச நேரம் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.