மூன்று முறை வீட்டுக்குப் போனவர்

என் அக்கா புருஷனுக்கு எங்கள் மரப்பட்டறையில் 'புத்தகம்' என்று பெயர். மின்விசிறி வாங்கினாலும், கூட வரும் சீட்டைக் கடைசி வரிவரை படித்த பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார். படித்தது புரிந்ததா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் தொலைந்தோம்.

கதவில் பூவேலை செதுக்கும் மெஷினுக்காக முதலாளி ஒரு கார்டு வரவழைத்தார். அதைக் கம்ப்யூட்டருக்குள் செருகினால் மெஷினின் மூன்று மோட்டார்களும் கம்ப்யூட்டர் சொல்கிறபடி நகருமாம். "சனிக்கிழமைக்குள்ள ஓட்டிக் காட்டுறவன்தான் சூப்பர்வைசர்" என்றார். மாமா அன்று சாயந்திரமே தெரு முழுக்கத் தான் சூப்பர்வைசர் ஆகிவிட்டதாகச் சொல்லி முடித்தார்.

சனிக்கிழமையும் வந்தது. கார்டைச் செருகி, ஒயரெல்லாம் முடுக்கியாயிற்று. கூட வந்த புத்தகத்தை எவனோ புண்ணியவான் கம்ப்யூட்டரை விட்டே தமிழாக்கியிருந்தான். மாமா உரக்கப் படித்தார்: "இயக்கும் முன் வீட்டுக்குப் போகவும். ஒவ்வொரு மோட்டாருக்கும் தனித்தனியாக வீட்டுக்குப் போகவும். வீட்டுக்குப் போகாமல் எதையும் அசைக்காதீர்."

"என்ன மாமா, வீட்டுக்கா?"

"எழுதினவன் முட்டாளாடா? முதல் தடவை மோட்டார் பக்கத்துல ஆள் இருக்கக் கூடாது. அதுக்குத்தான்" என்று சைக்கிளை எடுத்தார்.

போனார், வந்தார், நோட்டில் டிக் அடித்தார். மறுபடி போனார். மொட்டை வெயிலில் வந்து இரண்டாவது டிக். இந்த மனுஷனுக்கா என் அக்காவைக் கட்டிக் கொடுத்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாம் முறை அவர் திரும்பி வந்தபோது சைக்கிளின் பின்னால் அக்காவும் இருந்தாள். வீட்டு வாசலிலேயே அவர் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்துவிட்டாளாம். நேரே என்னிடம் வந்து படத்தைக் காட்டினாள். மெஷினின் மூலையில் ஒரு சின்ன சுவிட்ச், அதை நோக்கி ஒரு அம்புக்குறி.

"போகச் சொன்னது மெஷினைடா, இவரை இல்ல! இந்த மூலைதான் அதுக்கு வீடு. இங்கேருந்துதான் அது அளக்க ஆரம்பிக்கும்."

திரையில் வீட்டுப் படம் போட்ட பொத்தானை அமுக்கினாள். மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக செதுக்கும் முனையை அந்த மூலைக்குக் கொண்டுபோய், சுவிட்சைத் தொட்டதும் நின்றன. அரை மணியில் பலகையில் முதல் பூ விழுந்தது.

சத்தம் கேட்டு முதலாளி ஓடி வந்தார். "யாருப்பா ஓட்டினது?"

அக்கா மாமாவைக் கை காட்டினாள். "இவருதான்." நானும் வேகமாகத் தலையாட்டினேன். மாமா சும்மா நின்றிருந்தாலே போதும், வேலை அவருக்குத்தான்.

மாமா முன்னால் வந்தார். "இல்ல முதலாளி, இவதான். எனக்கு அதுல ஒரு வரிகூடப் புரியல."

முதலாளி அக்காவைப் பார்த்தார். "திங்கட்கிழமை வேலைக்கு வந்துடும்மா, நீதான் சூப்பர்வைசர்." பிறகு மாமாவிடம், "அப்ப நீ?" என்றார்.

"பலகை தூக்கி வைக்க ஒரு ஆள் வேணும்ல?"

அக்கா அத்தனை பேர் முன்னாலும் அழுதுவிட்டாள். தலையில் அடித்துக்கொண்ட எனக்கு மாமா முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.