பிளீச் எதை வெளுக்கும்?

இருக்கிற முகத்தைக் கழுவித் துடைத்து அவரவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் பியூட்டி பார்லர் தொழில். கம்பத்தில் ஒரு மெடிக்கல் கடைக்கு மாடியில் எனக்கு ஒரு பார்லர் இருக்கிறது. என்னைப் போலக் கண்ணாடிக்கும் கஸ்டமருக்கும் நடுவில் நின்று அவதிப்படும் தோழிகளே, "அக்கா, ஒரு பிளீச்" என்று வருகிறவர்களில் பாதிப் பேர் முகத்துக்காக வருவதில்லை, யாரோ நிறத்தைச் சொல்லிக் குத்தியதற்காக வருகிறார்கள்.

அர்த்தம் சொன்ன பாவம்

தொழிலுக்கு வந்த புதிதில் நான் ரொம்ப நேர்மை. சின்னமனூரிலிருந்து வந்த ஒரு வாழைக்காய் வியாபாரியின் மனைவிக்கு விளக்கமாகவே சொன்னேன். பிளீச் தோலை வெளுக்காது. முகத்தில் இருக்கிற பூனைமுடியைத்தான் வெளுக்கும். முடி கண்ணுக்குத் தெரியாமல் போவதால் முகம் பளிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "அதையெல்லாம் சொல்லாதீக. தெரிஞ்சா வெளுக்காமப் போயிரும். பேசாமப் போட்டு விடுங்க."

சாக்கடையும் நானும்

லோயர் கேம்ப்பிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு வேறு சந்தேகம். தெருச் சாக்கடையில் தூவுகிற பிளீச்சிங் பவுடரும் இதுவும் ஒன்றா என்றாள். அது வேறு மருந்து, இது வேறு மருந்து, பெயர்தான் ஒன்று என்றேன். அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. "அங்கன கொசுவுக்குப் போடுறாக, இங்கன மாப்பிள்ள வீட்டுக்குப் போடுறீக" என்றாள்.

ஒரே அடுப்பு

எங்களிடம் வரும் கல்லூரி ஆங்கில டீச்சர் ஒருவர்தான் இந்தச் சொல்லின் பூர்வீகத்தைச் சொன்னார். பழைய ஆங்கிலத்தில் 'வெளிற வைப்பது' என்று அர்த்தமாம். அதற்கும் பின்னால் போனால் 'எரிவது' என்கிற வேர் வருகிறதாம். கறுப்பைச் சொல்லும் பிளாக் என்ற சொல்லும் அந்த வேரில் முளைத்ததுதான் என்கிறார்களாம். எரியும்போது வருகிற வெளிச்சம் ஒன்று, எரிந்து முடிந்தால் மிஞ்சுகிற கரி மற்றொன்று. இவ்வளவும் தெரிந்தவர் மாதம் தவறாமல் எதற்கு வருகிறார் என்று எனக்கு ஆச்சரியம். கேட்டே விட்டேன். "ரெண்டும் ஒரே அடுப்புல பொறந்த பிள்ளைகதான். நீங்க தடவுங்க" என்றார்.

சாடை

சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் வீட்டுப் பெண் தேன்மொழி. பந்தலுக்குள்ளேயே வளர்ந்தவள். நல்ல கறுப்பு, நல்ல லட்சணம். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த கையோடு, வரப்போகும் மாமியார் அவளை என்னிடம் கூட்டி வந்தார். ஜெயமங்கலத்துக்காரர். "கல்யாணத்துக்குள்ள நெறம் கொஞ்சம் ஏறணும்த்தா" என்றார்.

முகத்தில் போடுவதற்கு முன் முழங்கை மடிப்பில் துளி தடவிப் பார்ப்பது என் வழக்கம். சிறிது நேரத்தில் அந்த இடம் செக்கச் சிவந்து தடித்துவிட்டது. எரிகிறதா என்றேன். "இல்லக்கா, போடுங்க" என்றாள், கண்ணில் தண்ணீரோடு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டப்பாவை மூடினேன். இதை முகத்தில் போட்டால் மணமேடையில் புண்ணோடுதான் உட்காருவாள், என்னால் முடியாது என்று மாமியாரிடம் சொன்னேன். சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அவரும் அவளுடைய நிறம்தான் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எங்கல்யாணத்துல பந்தியில இருந்தவுக எல்லாம், 'கரிச்சட்டியக் கட்டிட்டு வந்துட்டான்'னு எங்காது கேக்கவே பேசுனாக. சோறு எறங்கல. இவளுக்கும் அது வேணாம்னுதான் பாத்தேன்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. தேன்மொழியின் கையைக் கழுவிக் கற்றாழை தடவினேன். அவள் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, மேடையில நீங்க எம் பக்கத்துலயே நில்லுங்க. மாமியா சாடை அப்படியே இருக்குன்னு சொல்லிட்டுப் போகட்டும்."

அவளுக்குப் புருவம் மட்டும் திருத்திவிட்டேன். அவள் எழுந்ததும், அதே நாற்காலியில் மாமியார் வந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எனக்கும் அவள மாதிரியே திருத்தி விடுத்தா. சாடை பொருந்தணும்ல" என்றார்.

ஊர் நிறத்தையே மாற்றிவிடுகிறவள் மாதிரி வாசலில் பெரிதாக போர்டு மாட்டியிருக்கிறேன், இத்தனை வருசத்தில் நான் வெளுத்ததெல்லாம் பூனைமுடிதான்.