மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு மூன்று பேர்

மருந்துக் கிடங்கில் அவருக்குப் பெயர் 'தேதி'. கையில் கிடைத்த எதன்மேலும் தேதி எழுதாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. கிடங்குப் பொறுப்பில் உட்கார்ந்த இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து குடியேறிவிட்டது. உப்பு டப்பாவில் தேதி, பல் விளக்கும் பிரஷ்ஷில் தேதி, வாசல் மிதியடியைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயும் தேதி. "நல்லவேளை, குழந்தைங்க கையில ஆஸ்பத்திரிலயே எழுதிக் கட்டிட்டாங்க. இல்லேன்னா இவரு பேனாவோட நின்னிருப்பாரு" என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவள் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கர். தைத்து வருகிற சட்டையை மேசைமேல் விரித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது அவள் வேலை. பிசகு இருந்தால் தைத்தவரைக் கூப்பிட்டுத் திட்டக்கூடாது. அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை அந்த இடத்தில் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். தைத்தவரே பார்த்துப் புரிந்துகொண்டு பிரித்துத் தைப்பார். வீட்டிலும் அதே ஏற்பாடுதான் நடந்துவந்தது. அவர் எந்தக் கணக்கைப் போட்டாலும் அவள் சரிபார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. பிசகு இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டுவாள், அவர் ஒரு வார்த்தை பேசாமல் திருத்துவார். இப்படியே பத்தொன்பது வருஷம் ஓடியது.

கொள்ளைநோய் வந்த வருஷம்தான் அவர் மாறினார். மூன்றே நாளில் கிடங்கு அலமாரிகள் துடைத்துவிட்ட மாதிரி காலியாயின. ஷட்டருக்கு வெளியே ஜனங்கள் மருந்துச்சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே நின்று "இல்லை, இல்லை" என்று சொன்னவர் இவர். ஒரு கிழவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இல்லேன்னு சொல்லாதீங்க தம்பி, தேடிப் பார்க்கறேன்னாவது சொல்லுங்க" என்று கெஞ்சினாராம். இவர் அப்போதும் இல்லை என்றுதான் சொன்னார். இல்லாததை இருக்கு என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

அதற்கு அடுத்த மாதமே கொல்லைப்புறத்தில் தோண்ட ஆரம்பித்தார். ஒரு ஞாயிறு விடாமல் நாலு வருஷம். பதினைந்தடி நீளம், பத்தடி அகலம், பதினெட்டுப் படி. கிடங்கில் கழித்துக்கட்டிய குளிர் அறைக் கதவைக் கொண்டுவந்து வாசலில் மாட்டினார். காற்றுக்கு இரண்டு குழாய், கையால் சுற்றுகிற விசிறி, மரத்தூள் போடும் கக்கூஸ், பேட்டரியில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ். முப்பது வருஷம் வெளியே வராமல் ஒரு குடும்பம் உள்ளே வாழ வேண்டும், அதுதான் திட்டம். அரிசி வைக்க இடம் போதாது என்று அடுத்த அறைக்கும் கோடு போட்டு வைத்திருந்தார்.

பெரிய மகளுக்குப் பதினேழு வயது, வாய் கொஞ்சம் நீளம். சாப்பிட உட்கார்ந்தால் அப்பாவை வம்புக்கு இழுக்காமல் எழுந்திருக்க மாட்டாள்.

"டீசல் ரெண்டு வருஷத்துல கெட்டுடும்னு நீங்கதானே சொன்னீங்க. அப்புறம் எப்படிப்பா?"

"அப்புறம் சைக்கிள் மிதிச்சுக் கரண்ட்."

"பல்லு வலிச்சா?"

"பிடுங்கறதுக்குச் சாமான் வாங்கியாச்சு."

"முப்பது வருஷம் கழிச்சு வெளிய வந்தா எனக்கு நாப்பத்தேழு. நாங்க ரெண்டு பேரும் யாரைக் கட்டிக்கறது, அந்த விசிறியையா?"

பத்து வயதுச் சின்னவள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "உயிரோட இருந்தா மத்ததைப் பார்த்துக்கலாம்" என்றார். உயிரோடு இருந்தால் என்று ஆரம்பிக்கிறவரிடம் மேற்கொண்டு யார் என்ன பேச முடியும்?

பள்ளி விடுமுறையில் ஒரு திங்கட்கிழமையிலிருந்து பத்து நாள் நாலு பேரும் கீழே இருந்து பார்ப்பது என்று அவர் முடிவு செய்தார். "அம்மா வந்தா நானும் வரேன், இல்லேன்னா ஆளை விடுங்க" என்று சொல்லிவிட்டாள் பெரியவள். அக்கா எங்கேயோ தங்கை அங்கே. ஆக, அவர் நாலு வருஷம் மண்ணில் புரண்டது வீணா இல்லையா என்பது மனைவி சொல்லும் ஒரு சரியில் வந்து நின்றது.

அவள் சரி சொல்வதாகத்தான் இருந்தாள். அந்தக் குழியில் அவளுக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது. ஆனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வருகிற மனுஷனைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பிள்ளை குட்டிகளைக் காப்பாற்றத்தானே பைத்தியமாகத் திரிகிறார் என்று நினைப்பாள். சின்னவளைப் பெற்றெடுத்ததிலிருந்து அவளுக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் ஊசி இல்லாமல் நாள் நகராது. அந்த ஃபிரிட்ஜில் மேல்தட்டு முழுக்க அவளுடைய மருந்துதான், கொஞ்சம் இப்போதே கொண்டுபோய் அடுக்கிவிட்டார். அதைப் பார்த்த அன்று, வாயைத் திறந்து சொல்லத் தெரியாத மனுஷன், இப்படிச் செய்து காட்டுகிறார் என்று பூரித்துப்போனாள்.

முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருப்பு நோட்டை அவளிடம் கொடுத்தார். "ஒருவாட்டி பார்த்துடு. நீ பார்த்தாத்தான் எனக்கு நிம்மதி."

சனிக்கிழமை மதியம் துணி காயப்போட்டுவிட்டு வந்து நோட்டை எடுத்தாள். அரிசிப் பக்கம். ஆளுக்கு ஒரு நாளைக்கு நானூறு கிராம். நாலு பேர், முப்பது வருஷம். விரல் மடக்கி, பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தாள். பதினேழாயிரத்து ஐந்நூற்று இருபது கிலோ வந்தது. நோட்டில் பதின்மூன்றாயிரத்து ஐந்நூற்று எழுபத்தெட்டு என்று இருந்தது. ஏறக்குறைய நாலாயிரம் கிலோ துண்டு விழுகிறது. 'மாட்டினாரு அரிச்சந்திரன்' என்று அவளுக்கு உள்ளுக்குள் குதூகலம். எங்கே சறுக்கினார் என்று பார்க்க வரிவரியாகப் பின்னால் போனாள்.

எங்கேயும் சறுக்கவில்லை. ஒன்றாம் ஆண்டு, நாலு பேர். இரண்டாம் ஆண்டு, நாலு பேர். மூன்றாம் ஆண்டு, நாலு பேர். நாலாம் ஆண்டிலிருந்து மூன்று பேர். கிடங்கில் எண்ணிக்கை மாறினால் பக்கத்தில் காரணம் எழுதியாக வேண்டும். அதையும் எழுதியிருந்தார், அவருடைய முத்துமுத்தான கையெழுத்தில்: 'இன்சுலின் காலாவதி.'

அவளுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பருப்புப் பக்கத்தைப் புரட்டினாள். சோப்பு, போர்வை, செருப்பு. எல்லாவற்றிலும் நாலாம் ஆண்டிலிருந்து மூன்று பேர். அவளுடைய செருப்பு அளவுக்கு நேரே ஒரே ஒரு ஜோடி. சாவைப் பற்றி அவள் யோசிக்காதவள் இல்லை, தினம் ஊசி போட்டுக்கொள்கிறவளுக்கு அதெல்லாம் பழகின விஷயம். தன்னைக் கழித்த நோட்டைத் தன் கையிலேயே கொடுத்து, கூட்டல் சரியா பார் என்று சொல்ல அவருக்குக் கூசவில்லையே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கைப்பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து, அந்த 'மூன்று பேர்' மேல் அம்புக்குறி குத்துகிற மாதிரி ஒட்டினாள். நோட்டை அவர் மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

அவர் பார்த்துவிட்டு வருவார் என்று காத்திருந்தாள். வந்து ஒன்றும் சொல்ல வேண்டாம், சும்மா பக்கத்தில் நின்றால் போதும் என்று இருந்தது.

ஞாயிறு காலை அவர் நோட்டும் கையுமாக வந்து அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார், முகமெல்லாம் மலர்ச்சி. "நல்லா பிடிச்சே போ. நான் கோட்டை விட்டுட்டேன்."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மருந்து மூணு வருஷம் வரும்னு போட்டேன் பாரு, தப்பு. ஃபிரிட்ஜ் பேட்டரிக்கு ரெண்டு வருஷம்தான் ஆயுசு. மருந்துலயும் ரெண்டு வருஷத் தேதிதான் இருக்கு. மூணாம் வருஷத்துலயிருந்தே மூணு பேர்னு மாத்திட்டேன். அரிசில நூத்தி நாப்பத்தாறு கிலோ குறையுது."

ஒரு ஆள் ஒரு வருஷம் தின்கிற அரிசி நூற்று நாற்பத்தாறு கிலோ. அந்தக் கணக்கு அவளுக்கு மனப்பாடம்.

"ஏங்க, அந்தப் பக்கத்தை எழுதறப்போ உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

அவருக்கு இப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிப்போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தார். "தோணாம இருக்குமா? அந்த ஒரு பக்கத்தை எழுதறதுக்கு மூணு வாரம் ஆச்சு எனக்கு. ஆனா இல்லாத மருந்தை நான் எப்படி இருக்குன்னு எழுதுவேன்? நாலு பேர்னு பொய்யா எழுதினா நீ இருந்துடுவியா?"

"இருக்க மாட்டேன். எழுதியிருக்கலாம்."

பெரியவள் அறை வாசலில் வந்து நின்றாள். மேசையில் விரித்துக் கிடந்த நோட்டையும் ஸ்டிக்கரையும் பார்த்தாள். அவளுக்கும் கணக்கு வரும். அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"நாளைக்குக் கீழ போறதுக்கு எத்தனை பேர்னு எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"நாலு."

"நான் வரல. மாத்திக்கோங்க."

"நானும்தான்" என்றாள் பெரியவள். "தங்கச்சியும் வர மாட்டா."

அவர் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். அப்புறம் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. பேனாவை எடுத்து, கிடங்கு வழக்கப்படி நாலின்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் ஒன்று என்று எழுதினார். காரணம் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"என்ன காரணம்னு போடறது?" என்று அவளைத்தான் கேட்டார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

அவள் துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு, ஃபிரிட்ஜிலிருந்து தன் மருந்தை மேலே கொண்டுவர அந்தப் பதினெட்டுப் படியும் இறங்கினாள்.