கால் ஊன்றாத ஆறு வாரம்

மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சூப்பர்வைசர். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் படியில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் எலும்பு முறிந்து, ஜவ்வும் கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். ஆறு வாரம் காலை ஊன்றவே கூடாது. ரோட்டுக்கு ஏற நாற்பது படி. கழிவறைக்குப் போகவும் மனைவியின் தோள் வேண்டும். அடைபட்டுக் கிடந்த எரிச்சலில் எல்லோர் மேலும் பாய்ந்தேன்.

தையல் பிரிக்கும் நாளில், லயத்து வழக்கப்படி, கொழுந்து பறிக்கும் நான்கு பெண்கள் என்னைக் கம்பளியில் கிடத்தித் தூக்கினார்கள். முன்னால் பிடித்தவர் செல்வி. போன மழைக்காலத்தில் சரிவில் விழுந்து, கால் வீங்கி உட்கார்ந்தவரை, "சுளுக்குதான், நடிக்காத, எந்திரி" என்று விரட்டியவன் நான்.

"கால ஊணிராதீங்க சார், நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "உடனே வந்ததால தப்பிச்சீங்க. கிழிஞ்ச ஜவ்வோட நடந்திருந்தா காலம் பூரா நொண்டணும்."

திரும்பிப் படி இறங்கும்போது, செல்வி வலது காலை வைக்கும்போதெல்லாம் கம்பளி ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த நடையைச் சோம்பல் என்று ஒரு வருஷமாகத் திட்டியிருக்கிறேன். இறக்கிவிடச் சொல்ல வாயெடுத்தேன். ஊன்ற எனக்குக் கால் இல்லை.