பீச்சாங்கை ஓட்டிய கார்

சின்ன வயதில் வந்த ஜன்னி போகும்போது என் இடது கையின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கை இருந்தது, விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்காது. சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையாலேயே போட்டுவிடுவேன். ஜடைக்கு இரண்டு கையும் வேண்டும். மலேசியாவில், லிங்கிப் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் இருந்தோம். பால் வெட்டக் கிளம்புமுன் அம்மா என்னைத் தூக்கத்திலேயே உட்காரவைத்துத் தலை பின்னிவிடுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்கு நீலாயில் ஃபேக்டரி வேலை கிடைத்தது. பள்ளி லீவு முடிந்ததும் சேர வேண்டும். ஃபேக்டரி பஸ் விடியுமுன்னே வந்துவிடும்.

"அப்புறம் யாரு பின்னிவிடறது? லீவு முடியறதுக்குள்ள முடிய வெட்டிடலாம் லா," என்றார் அப்பா.

முடி என் இடுப்பைத் தொடும். பெருமைப்பட என்னிடம் வேறு எதுவும் கிடையாது. பயந்துபோனேன்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்த சீன மிஸ்ஸி ஒரு வழி சொல்லியிருந்தார். தினமும் கொஞ்ச நேரம் வலது கையைத் துணியால் கட்டிவிட வேண்டும். சாப்பிடுவது, எடுப்பது, கொடுப்பது எல்லாம் இடது கையாலேயே நடக்க வேண்டும். அப்பா "போலே, போலே" என்று மலாயில் சரி சொல்லித் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் அம்மா கொதித்தார்.

"சோத்துக்கையக் கட்டிட்டுப் பீச்சாங்கையால சாப்பிடணுமா? குச்சியில சாப்பிடறவங்களுக்கு நம்ம வழக்கம் என்னா தெரியும்?"

ஆனால் ஆஸ்பத்திரி சொன்னதைச் செய்யாமலும் இருக்க முடியாது. கட்டினார். சாப்பாட்டு நேரத்தில் அவிழ்த்துவிடுவார். விளக்கேற்றினால் அவிழ்த்துவிடுவார். வாசலில் ஆள் தெரிந்தால், வந்தவருக்கு நான் இடது கையால் எதையாவது நீட்டித் தொலைப்பேனோ என்று ஓடிவந்து அவிழ்ப்பார். வெள்ளிக்கிழமை கட்டுவதே இல்லை. மிச்ச நேரத்தில் வலது கை கட்டிக்கிடக்க, இடது கை மடியில் சும்மா கிடக்க, நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்குப் பெயர் பயிற்சி.

அந்த லீவில்தான் பக்கத்து லயத்து வீட்டில் இருந்த மாமா, தன் மகனுக்குப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். கார் ஓட்டும் ஆட்டம். வலது கட்டைவிரல் வேகத்தைக் கூட்டும், இடது கட்டைவிரல் காரைத் திருப்பும். என் கார் திரும்பவே திரும்பாது. நேராகப் போய் லாரியில் மோதும்.

"சாவு வண்டி வருது, எல்லாரும் ஒதுங்குங்க லா!" என்று மாமா மகன் கத்துவான்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தினமும் போய் உட்கார்ந்தேன். வீட்டில் டம்ளர் கை நழுவினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அம்மா பெருமூச்சு விடுவார். டிவியில் கார் நொறுங்கினால் உடனே இன்னொரு கார் வந்து நிற்கும். அம்மாவும் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனார். எங்கள் வீட்டுச் சட்டத்தில் டிவிக்குள் பீச்சாங்கை, சோத்துக்கை என்று பாகுபாடு இல்லை. இப்போது குழந்தைகளின் கண்ணில் ஒரு பெட்டியை மாட்டி, இல்லாத பழத்தைப் பறிக்கச் சொல்லி விரல்களுக்குப் பயிற்சி தருகிறார்களாம். கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

என் கார் மெல்ல ஒதுங்கக் கற்றது. கட்டைவிரல் வழிக்கு வந்ததும் மற்ற விரல்களும் முனகிக்கொண்டே பின்னால் வந்தன. ஆட்டம் முடிந்ததும் மாமா வீட்டுச் சணல் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்னிப் பார்ப்பேன்.

லீவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்பா கத்தரிக்கோலை எடுத்தார். நான் தரையில் உட்கார்ந்து முடியை மூன்றாகப் பிரித்தேன். இடது கை பிடித்த கற்றை நழுவியது. மறுபடி பிரித்தேன். கடைசியில் ஒரு பின்னல் வந்தது, கோணலாக, பாதியில் தடித்து.

"விடுங்க, அவளே பின்னிக்கிறா," என்றார் அம்மா. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அப்பா கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டார்.

அம்மா ஃபேக்டரிக்குப் போகத் தொடங்கினார். அவருக்குக் கிடைத்த முதல் லீவு நாளில் நான் சீப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"உனக்குத்தான் கை வந்துருச்சே, இன்னும் என்னா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார், சமைக்க.

முடியைக் காப்பாற்றத்தான் அத்தனை பாடுபட்டேன். அம்மாவின் கை அதிலிருந்து போய்விடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அழுகை வந்தது. அழுதுகொண்டே பின்னினேன், அன்றைக்குப் பார்த்து, பின்னல் நேராக வந்தது.