தூக்காத கை

என் வலது கையின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. வாய் செய்த தப்பையும் சேர்த்து அதன் தலையில் கட்டுகிறேன் என்று தெரியாமல் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரிக்காக ஏலம் கேட்பது என் வேலை. எங்கள் ஏலக்கூடத்தில் கையைத் தூக்கிக் கேட்பவன் கத்துக்குட்டி. பழகியவன் பேனாவை மேசைமேல் நிமிர்த்திப் பிடிப்பான். ஏலம் விடுபவர் கண்டுகொள்வார். படுக்க வைத்தால் விலகிவிட்டான் என்று பொருள். பக்கத்து நாற்காலிக்காரனுக்குத் தெரியாமல் ஒரு லோடு சரக்கைத் தட்டிக்கொண்டு போய்விடலாம். அதில் எனக்குத் திமிரும் இருந்தது.

வேலை முடிந்தால் கராத்தே சங்கம். நான் உதைத்ததைவிட மனு எழுதியதுதான் அதிகம். எங்களுக்குத் தெரிந்து உண்மையான சண்டைக்காரன் ஒருவன்தான். எஸ்டேட்டில் பிறந்தவன், போடிமெட்டு வளைவுகளில் தினமும் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பு டிரைவர். எஸ்டேட்டில் அவனே ஒரு சங்கம் நடத்தினான். எஸ்டேட் இருப்பது கேரளத்தில், ஆட்களோ தமிழர்கள். அங்கே கேட்டால் பாண்டிக்காரன் என்றார்கள். இங்கே கேட்டால் கேரளாக்காரன் என்றார்கள். இரண்டு மாநிலமும் அவனை அணியில் சேர்க்கவில்லை. வேறு வழியில்லாமல் அவன் சங்கம் தேசியக் கராத்தே அமைப்பில் நேரடியாக இணை உறுப்பினரானது. இணை உறுப்பினருக்கு ஓட்டு கிடையாது. ஓட்டு இல்லாத சங்கம் தேசியப் போட்டிக்கு ஆள் அனுப்பக் கூடாது என்று விதி.

அந்த வருஷம் இணை உறுப்பினர்களுக்கும் ஓட்டுரிமை தரும் தீர்மானம் டெல்லிப் பொதுக்குழுவுக்கு வந்தது. எங்கள் மாநிலச் சங்கச் செயலாளர் காய்ச்சலில் படுத்துவிட்டார். தன் ஓட்டை என் விருப்பப்படி போடச் சொல்லிக் கடிதம் கொடுத்து என்னை அனுப்பினார். டிரைவர்தான் ரயிலடியில் இறக்கிவிட்டான்.

"இந்த வருசம் விட்டா எனக்கு வயசு தாண்டிரும்ண்ணே. நீங்க கையத் தூக்கிருங்க, மத்தத நான் பாத்துக்கிர்றேன்."

"அந்தச் சோலிக்குத்தான போறேன் அப்பு."

டெல்லி மண்டபம் எங்கள் ஏலக்கூடம் மாதிரியே இருந்தது. நீள மேசைகள், மைக், முன்னால் வேகமாகப் படிக்கும் ஒருவர். "ஆதரிப்பவர்கள்" என்றார் தலைவர். பேனாவை நிமிர்த்தினேன். அவர் கண் என் மேல் பட்டு நகர்ந்தது. கண்டுகொண்டார் என்று நிம்மதியானேன். "எதிர்ப்பவர்கள்" என்றதும் பேனாவைப் படுக்க வைத்தேன்.

இரு பக்கமும் சமம் என்று அறிவித்தார்கள். சமமானால் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. "நடுநிலை, ஒன்று" என்றும் படித்தார்கள். எவன் அந்தக் கடங்காரன் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகுதான் மேசைமேல் கிடந்த என் பேனா கண்ணில் பட்டது.

உடனே எழுந்திருக்கலாம். என் ஓட்டு ஆதரவு என்று ஒரு வரி சொன்னால் போதும். கோட்டுப் போட்டவர்கள் சிரிப்பார்களே என்று வெட்கமாக இருந்தது. தலைவர் கண்ணாடியைத் துடைத்து அடுத்த தாளை எடுக்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. நான் தண்ணீர் குடித்தேன்.

போடி ரயிலடியில் டிரைவர் ஜீப்போடு நின்றிருந்தான். தோற்றுவிட்டது என்றேன். என் பெட்டியை வாங்கி ஜீப்பில் வைத்தான்.

"நீங்க தூக்குனீங்கள்ல?"

"தூக்குனேன்."

"அது போதும்ண்ணே."

அதன் பிறகு ஏலக்கூடத்தில் பேனாவை நிமிர்த்தும்போதெல்லாம் அவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பதாகத் தோன்றும். ஒன்றிரண்டு முறை திரும்பிப் பார்த்ததில் நல்ல சரக்கு கைவிட்டுப் போயிருக்கிறது. கடைசியில் நானும் கத்துக்குட்டி மாதிரிக் கையைத் தூக்க ஆரம்பித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். டெல்லியில் நான் பயந்த சிரிப்பு அவ்வளவுதான். அரை நிமிஷத்தில் அடங்கிவிட்டது.

ராசிங்காபுரத்தில் அவன் கல்யாணம். போகாமல் இருக்கத்தான் நினைத்தேன், ஜீப்பை அனுப்பிவிட்டான். மாலையும் கழுத்துமாக மணமேடையிலிருந்து இறங்கி வந்து, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"டெல்லி வரைக்கும் போயி எனக்காகத் தூக்குன கை இதுதான்" என்று சொல்லி, என் வலது கையை உயரத் தூக்கிக் காட்டினான்.

எல்லாரும் கை தட்டினார்கள். அவனாக விடும்வரை அது மேலேயே இருந்தது.